இசப்கோல் காலையில், பசி மாலையில்

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து 46 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். உயரம் 156 சென்டிமீட்டர், எடை 74 கிலோ. நான்கு ஆண்டுகளாக நீரிழிவு; காலையும் இரவும் மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம். தைராய்டு சுரப்புக் குறைவுக்கு லெவோதைராக்சின் 50 மைக்ரோகிராம். நார்ச்சத்து பசியை அடக்கும் என்று கேள்விப்பட்டு மூன்று வாரமாக இசப்கோல் என்னும் விதை உமியைச் சாப்பிட்டு வருகிறார். காலை ஆறேகாலுக்குத் தைராய்டு மாத்திரையைப் போட்ட கையோடு, அரை டம்ளர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி. வயிறு நிறைந்துவிடும் என்று காலை உணவை நிறுத்திவிட்டார். பத்தரைக்கு ஒரு டீ, ‘ஹை ஃபைபர்’ பிஸ்கட் மூன்று, அதோடு மெட்ஃபார்மின். மதியம் உணவங்காடியில் கோழிச் சோறு அல்லது மீ கோரிங் என்ற வறுத்த நூடுல்ஸ். ஐந்தரைக்குப் பசி தாங்காமல் கறி பஃப், இன்னொரு டீ. இரவு எட்டுக்குச் சோறு, சாம்பார், உருளைக்கிழங்குப் பொரியல் அல்லது மீன் குழம்பு. பத்து மணிக்கு மறுபடி பசி; முறுக்கோ ரொட்டியோ கைக்கு வருகிறது.

முதல் வாரம் 800 கிராம் குறைந்தது. அதன்பின் முள் அசையவில்லை. வயிறு உப்புகிறது, மலம் இறுகிவிட்டது. அவர் கேட்பவை மூன்று: இசப்கோலை நான்கு கரண்டியாகக் கூட்டலாமா? நார் சர்க்கரையையும் குறைக்கும் என்றால் மெட்ஃபார்மினைப் பாதியாக்கலாமா? நாத்தனார் இணையத்தில் வாங்கித் தரும் ‘ஃபைபர் டீடாக்ஸ்’ பொடியைக் குடிக்கலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்றுக்கும் என் பதில் வேண்டாம் என்பதே. ஆனால் நார்ச்சத்தைக் கைவிடச் சொல்லவில்லை. நீங்கள் தேர்ந்தெடுத்த பொருள் சரியானது; வேளையும் அளவும் தண்ணீரும்தான் தவறிவிட்டன. உங்களுக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று கடிதத்தில் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் விவரித்த நாளைப் படித்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. காலை உணவு இல்லை, மதியத் தட்டில் காய் இல்லை. அந்த உடம்பு மாலை ஐந்தரைக்குச் சோறு கேட்கத்தான் செய்யும்.

முதலில் தைராய்டு மாத்திரை

இதை நாளைக் காலையே மாற்றுங்கள். லெவோதைராக்சின் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு போக வேண்டிய மருந்து. இசப்கோல் தண்ணீரில் ஊறி வழவழப்பான கூழாகும். அதே நேரத்தில் உள்ளே போகும் மாத்திரையை அந்தக் கூழ் தன்னுள் பிடித்துவைத்து, உடம்பு உறிஞ்சும் அளவைக் குறைத்துவிடலாம். மருந்து சரியாகச் சேராவிட்டால் அசதி, மலச்சிக்கல், எடை குறையாமை மூன்றும் வரும். ஆகவே உங்கள் மலம் இறுகியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்க வாய்ப்புண்டு. மாத்திரை ஆறேகாலுக்கு என்றால் ஏழு மணிவரை வேறு எதுவும் வேண்டாம், காப்பியும் டீயும் உட்பட. சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து மாத்திரைகள் எடுப்பவராக இருந்தால் அவற்றுக்கு நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். இசப்கோல் காலையை விட்டு மாலைக்குப் போகட்டும்.

அடுத்தது அந்த அரை டம்ளர். இரண்டு மேசைக்கரண்டி இசப்கோல் ஏறக்குறைய 10 கிராம். அதை 120 மில்லிலிட்டர் தண்ணீரில் கலந்தால் பசைபோல் ஆகிவிடும். தொண்டையிலோ உணவுக்குழாயிலோ அது உப்பி அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்மையானது. இசப்கோல் டப்பாக்களில் எச்சரிக்கை அச்சிடுவது இதனால்தான். தண்ணீர் போதாத நார் குடலில் இறுகி மலத்தையும் கட்டிவிடும். மலச்சிக்கலுக்கு மருந்தாகும் அதே பொருள் உங்களுக்கு மலச்சிக்கலைக் கொடுத்தது இப்படித்தான். இந்த நிலையில் நான்கு கரண்டியாகக் கூட்டினால் உப்புசமும் அடைப்பும்தான் கூடும்.

நார் பசியை எப்படித் தள்ளிவைக்கிறது

எல்லா நாரும் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி இசப்கோலைக் கலக்கிப் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள், கூழாகிவிடும். கோதுமைத் தவிட்டைப் போட்டால் அடியில் படியும். பல ‘ஹை ஃபைபர்’ பிஸ்கட்டுகளிலும் பானங்களிலும் சேர்க்கும் இனுலின் என்ற நார் கரைந்து மறைந்துவிடும், தண்ணீர் கெட்டிப்படாது. பசிக்கு உதவுவது பெரும்பாலும் முதல் வகை. அது இரைப்பையில் உள்ளதைக் கெட்டியாக்கிக் குடலுக்குள் மெதுவாக இறங்கவிடுகிறது. மாவுச்சத்து சர்க்கரையாக மாறி இரத்தத்தில் ஏறும் வேகமும் குறைகிறது. ஓட்ஸிலும் பார்லியிலும் உள்ள பீட்டா குளுக்கான், கொய்யாவின் பெக்டின், வெந்தயத்தின் பசை, வெண்டைக்காயின் வழவழப்பு எல்லாம் இந்த வகைதான். அந்த வழவழப்புப் போகும்வரை வெண்டைக்காயை எண்ணெயில் சுருள வதக்குவது நம் வீட்டுப் பழக்கம். உங்களுக்கு வேண்டியதே அந்த வழவழப்புத்தான். சாம்பாரிலோ மோர்க்குழம்பிலோ போடுங்கள்.

தவிடும் கீரைத்தண்டும் காய்த்தோலும் வேறு விதத்தில் உதவுகின்றன. மெல்ல நேரம் எடுக்கும், தட்டை நிரப்பும், கலோரி குறைவு, மலத்தை இளக்கும். பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்கள் பலவகை நாரைப் புளிக்கவைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. ‘போதும்’ என்று மூளைக்குச் சொல்லும் சில குடல் சுரப்புகளை இவை தூண்டுகின்றன.

இதிலிருந்து உங்களுக்குத் தேவையான முடிவு ஒன்று: கூழாகும் நார் அடுத்து வரும் சில மணி நேரத்துக்குத்தான் காவல். காலை ஆறேகாலுக்குக் குடித்த இசப்கோல் மாலை ஐந்தரைப் பசியைத் தடுக்காது.

மென்று சாப்பிடுவதற்கும் குடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டையும் கவனியுங்கள். முழு ஆப்பிள், மசித்த ஆப்பிள், ஆப்பிள் சாறு மூன்றையும் ஒப்பிட்ட 1977-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், முழுப் பழமே அதிக நிறைவைத் தந்தது, சாறு கடைசி. கொய்யாவைச் சாறாக்கிக் குடிப்பதில் பயனில்லை.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்

நார்ப் பொடி மட்டும் எடையை மிகச் சிறிதளவே குறைக்கும். ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் சராசரி ஒரு கிலோவுக்கும் குறைவு. உணவிலிருந்து வரும் நாரின் கதை கொஞ்சம் மேல். 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், வளர்சிதை மாற்றக் குறைபாடு (இடுப்புப் பருமன், உயர் சர்க்கரை, உயர் இரத்த அழுத்தம் போன்றவை சேர்ந்திருக்கும் நிலை) உள்ள 240 பேரில் ஒரு பாதிக்கு ‘நாளுக்கு 30 கிராம் நார் சாப்பிடுங்கள்’ என்ற ஒரே அறிவுரை. மற்றப் பாதிக்குப் பல விதிகள் கொண்ட முழு உணவுத் திட்டம். ஓராண்டில் முதல் குழு சராசரியாக 2.1 கிலோவும் இரண்டாவது குழு 2.7 கிலோவும் குறைந்தன. ஒரே ஒரு மாற்றத்துக்கு இது நல்ல பலன்தான். ஆனால் மூன்று வாரத்தில் உருகிவிடும் என்ற எதிர்பார்ப்போடு இதைத் தொடங்கக் கூடாது. உங்கள் முதல் வாரத்து 800 கிராமில் பெரும்பகுதி நீராக இருந்திருக்கும்.

உங்கள் உடல் எடைக் குறியீடு (பிஎம்ஐ) 30.4. சிங்கப்பூரில் ஆசியர்களுக்கு 27.5-க்கு மேல் போனாலே அதிக ஆபத்து வரம்பு என்று கொள்கிறார்கள். அதற்காக இயல்பு எல்லையான 23-க்கு இறங்க வேண்டும் என்று இப்போதே கணக்குப் போடாதீர்கள். 74 கிலோவில் 5 விழுக்காடு 3.7 கிலோ. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் மேம்பட அதுவே போதுமான தொடக்கம். மூன்று நான்கு மாதத்தில் 70 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை, ஒரே கிழமை காலையில் எடை பாருங்கள். மலம் இறுகிய நாளில் அரை கிலோ கூடக் காட்டும். இடுப்புச் சுற்றளவையும் மாதம் ஒருமுறை அளந்து எழுதுங்கள். பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை.

உங்கள் நாளை இப்படி மாற்றலாம்

நீங்கள் எழுதிய சாப்பாட்டைக் கூட்டினால், உணவிலிருந்து கிடைக்கும் நார் 10 அல்லது 12 கிராம்தான் தேறும். உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம்.

காலை ஏழு மணிக்கு உணவு திரும்ப வரட்டும். 40 கிராம் ஓட்ஸ், அதாவது உலர்ந்த நிலையில் நான்கைந்து மேசைக்கரண்டி. தட்டையான பெரிய செதில் ஓட்ஸாகப் பாருங்கள். சர்க்கரை கலந்த உடனடிப் பொட்டலம் வேண்டாம். கேரட், பீன்ஸ் போட்டு உப்புமாவாகக் கிளறினாலும் சரி. 4 கிராம் நார் கிடைக்கும். கூட ஒரு முட்டை. நாரோடு புரதமும் சேர்ந்தால்தான் பத்தரை மணி பிஸ்கட்டை மறக்க முடியும். மெட்ஃபார்மினும் இந்த உணவோடு போகட்டும். பத்தரை டீ வேண்டுமென்றால் ‘தே சி கோசோங்’, அதாவது சர்க்கரை இல்லாத பால் டீ, என்று கேளுங்கள். கெட்டிப்பால் இனிப்பு நின்றுவிடும்.

மதியம் கடையை மாற்றத் தேவையில்லை, கேட்கும் விதத்தை மாற்றுங்கள். மீ கோரிங் கடையில் ‘மீ கூராங், சாயூர் லெபே’ என்று சொன்னால் மீயைக் குறைத்துக் கீரையைக் கூட்டித் தருவார்கள். எண்ணெய் இருக்கும், ஆகவே வாரம் ஒருமுறை. காயையும் தவ்ஃபூவையும் நீங்களே தேர்ந்தெடுக்கும் யோங் தாவ் ஃபூ கடை உங்களுக்குக் கைகொடுக்கும்: கங்கோங் கீரை, காளான், கத்தரிக்காய் என்று காய் நான்கு, தவ்ஃபூ இரண்டு, பீகூன் (அரிசிச் சேமியா) பாதி, சூப்பாக. கோழிச் சோற்று நாளில் சோற்றைப் பாதியாகக் கேட்டு, ஒரு தட்டு கைலான் கீரையையோ சிய்சிம் கீரையையோ தனியாக வாங்குங்கள், எண்ணெய்ச் சாறு ஊற்றாமல். புரோட்டா கடை என்றால் கோதுமைச் சப்பாத்தி இரண்டும் பருப்பும். புரோட்டா மைதா, நார் மிகக் குறைவு, நெய் அதிகம். சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ‘என் ஆரோக்கியத் தட்டு’ படம் பார்த்திருப்பீர்கள்: பாதித் தட்டு காயும் பழமும், கால் தட்டு முழுத்தானியம், கால் தட்டு புரதம். உணவங்காடியில் அந்தப் பாதியைத்தான் நாம் வாங்க மறந்துவிடுகிறோம்.

மாலை நாலே முக்கால்தான் உங்களுக்கு முக்கியமான வேளை. பசி வருவதற்கு முன்னால் இசப்கோல். முதல் வாரம் ஒரு தேக்கரண்டி போதும். முழு டம்ளர், 250 முதல் 300 மில்லிலிட்டர் தண்ணீரில் கலக்கிக் கெட்டியாவதற்குள் குடித்துவிட்டு, இன்னொரு அரை டம்ளர் வெறும் தண்ணீர் குடியுங்கள். வயிறு ஏற்றுக்கொண்டால் மூன்றாவது வாரத்திலிருந்து ஒரு மேசைக்கரண்டி. அதற்கு மேல் வேண்டாம். இந்த நேரத்துக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது: காலைத் தைராய்டு மாத்திரைக்கும் எட்டு மணி மெட்ஃபார்மினுக்கும் நடுவில் போதிய தூரத்தில் நிற்கிறது. மற்ற மருந்துகளுக்கும் இசப்கோலுக்கும் இடையே குறைந்தது இரண்டு மணி நேரம் இருக்கட்டும். படுக்கப் போகும்முன் குடிக்கவே வேண்டாம்.

ஐந்தரைக்குக் கறி பஃபுக்குப் பதில் 100 கிராம் கொய்யா. 5 கிராம் நார், 70 கலோரிக்குள். வெட்டுப்பழக் கடையில் வாங்கினால் அசாம் போய் தூள் (உப்பும் புளிப்புமான பழத்தூள்) தூவ வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஒரு நாள் மாற்றி ஒரு நாள் வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு சின்னக் கிண்ணம்.

இரவுச் சாப்பாட்டில் சோறு நிரம்பிய கிண்ணம், சுமார் 200 கிராம் இருக்கும். அதை 100 கிராமாக்குங்கள். கைகுத்தல் அல்லது பழுப்பு அரிசியாக இருந்தால் நல்லது. ஆனால் 100 கிராம் வெந்த வெள்ளைச் சோற்றில் 0.4 கிராம் நார் என்றால் பழுப்புச் சோற்றில் 1.6 கிராம்தான். அரிசியை மாற்றினாலே போதும் என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய மாற்றம் பருப்பில் இருக்கிறது. தண்ணீராக ஓடும் சாம்பாரில் பருப்பு கொஞ்சம்தான். கெட்டியாக வெந்த பருப்போ பாசிப்பயறோ கடலையோ 100 கிராம் என்றால் 6 முதல் 8 கிராம் நார். உருளைக்கிழங்குப் பொரியல் சோற்றுக்குத் துணை இல்லை, இன்னொரு சோறு. அந்த இடத்தில் முட்டைக்கோஸ், அவரை, கீரை ஏதாவது 150 கிராம். மீன் இருக்கட்டும். காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்குப் போனால் சர்க்கரை ஏறும் உயரமும் குறையும். பிறகு அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே 15 நிமிடம் நடை.

இப்படிச் சாப்பிட்டால் நார் 30 கிராமை எட்டும். எடை குறைவது அந்த 30 கிராமால் நேரடியாக நடப்பதில்லை. கறி பஃப், கெட்டிப்பால், பாதிச் சோறு, பத்து மணி முறுக்கு ஆகியவை போனதால் நடப்பது. அவை போனதைப் பட்டினி போல உணராமல் தாங்கவைப்பதே நாரின் வேலை. பழைய தட்டின் மேல் நாரை மட்டும் சேர்த்தால் எதுவும் குறையாது. பத்து மணிக்கு உண்மையாகவே பசித்தால் சர்க்கரை சேர்க்காத தயிர் ஒரு சின்னக் கிண்ணம் சாப்பிட்டுப் படுங்கள். தப்பில்லை.

உப்புசம் வராமல்

10 கிராமிலிருந்து 30-க்கு ஒரே வாரத்தில் தாவினால் யார் வயிறும் உப்பும். குடல் நுண்ணுயிர்கள் பழக இரண்டு மூன்று வாரம் வேண்டும். வாரத்துக்கு 4, 5 கிராம் என்று ஏற்றுங்கள்: முதல் வாரம் ஓட்ஸும் அரை அளவு காயும், இரண்டாவது வாரம் கொய்யா, மூன்றாவது வாரம் பருப்பு இரண்டு மேசைக்கரண்டியில் தொடங்கி. கடலையை எட்டுப் பத்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குழைய வேகவையுங்கள். வாயு பெருமளவு குறையும். இனுலின் சேர்த்த பிஸ்கட்டை நிறுத்தினாலே உங்கள் உப்புசத்தில் ஒரு பங்கு போய்விடலாம். நாள் முழுவதும் சேர்த்து எட்டு டம்ளர் தண்ணீரை ஒட்டி இருக்கட்டும்.

விழுங்கச் சிரமம் உள்ளவர்களும் குடல் சுருக்கமோ அடைப்போ வந்தவர்களும் இசப்கோலைத் தொடக் கூடாது. கடுமையான வயிற்றுவலி, வாந்தி, பல நாள் மலமே போகாமை, மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் விரைவாக எடை குறைதல் இவற்றில் எது வந்தாலும் நாரை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.

மெட்ஃபார்மினும் இணையப் பொடியும்

நார் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையை ஓரளவு தணிக்கும் என்பது சரி. ஆனால் மெட்ஃபார்மின் செய்வது வேறு வேலை. கல்லீரல் சர்க்கரை உற்பத்தி செய்வதைக் கட்டுப்படுத்துகிறது. ஒன்றுக்கு ஒன்று ஈடாகாது. எடை குறைந்து, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவும் இறங்கினால் மருத்துவரே அளவைக் குறைக்கலாம். அந்த உரையாடலுக்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு, கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை அபாயமாகத் தாழ்வது அரிது. கிளிபிசைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுக்கும் வாசகர்கள் இந்தக் கடிதத்தைப் படித்துச் சோற்றைப் பாதியாக்க நினைத்தால், முதலில் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். அப்படிப்பட்டவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்து நடுக்கமும் வியர்வையும் வர வாய்ப்புண்டு.

நாத்தனார் அன்பினால்தான் அந்தப் பொடியைச் சொல்கிறார். இருந்தாலும் வேண்டாம் என்று மென்மையாகச் சொல்லிவிடுங்கள். சிங்கப்பூரில் சிபுட்ரமின் என்ற பசியடக்கி மருந்து 2010-இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டியதே காரணம். இணையத்தில் விற்கும் மெலிவுப் பொருள்களில் அது ஒளிந்திருப்பதைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. பேதி மருந்து கலந்தவையும் உண்டு. நார் இரண்டாம் நாளே பசியை அறவே கொன்றுவிடாது. ஒரு பொடி அப்படிச் செய்து, வாய் வறண்டு, நெஞ்சு படபடத்து, தூக்கமும் கெட்டால் உள்ளே இருப்பது நாராக இருக்காது. நாத்தனார் ஏற்கெனவே குடிக்கிறார் என்றால், நிறுத்திவிட்டு டப்பாவோடு மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்களுக்கு 40 வயது தாண்டிவிட்டதால் சிங்கப்பூர் அரசின் ‘மேலும் ஆரோக்கியமான எஸ்ஜி’ திட்டத்தில் ஒரு மருந்தகத்தை (கிளினிக்) தேர்ந்து பதிந்துகொள்ளலாம். பலதுறை மருந்தகத்தில் உணவியல் நிபுணரிடம் அனுப்பச் சொல்லியும் கேட்கலாம். போகும்போது மூன்று நாள் சாப்பிட்டதை வேளையோடு எழுதி எடுத்துப் போங்கள். ஞாயிற்றுக்கிழமையும் அதில் இருக்கட்டும். மாத்திரை வேளையை மாற்றிய தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். இதுவரை இசப்கோலோடு போன மருந்து இனி முழுமையாகச் சேரத் தொடங்கலாம் என்பதால், அந்தத் தேதியிலிருந்து ஆறு முதல் எட்டு வாரத்தில் தைராய்டு இரத்தப் பரிசோதனை ஒன்று தேவைப்படும். அதன் முடிவைப் பார்த்து 50 மைக்ரோகிராம் தொடரட்டுமா, மாறட்டுமா என்று மருத்துவர் சொல்வார்.